மறுக்க ஓர் ஆள்

நாற்பது புத்தகங்கள், ஒவ்வொன்றிலும் பதினாயிரம் பிரதி, ஆக மொத்தம் 4 லட்சம். 1920ல் கடையத்தில் உட்கார்ந்து பாரதி போட்ட கணக்கு இது. எழுதியதையெல்லாம் தானே அச்சிட்டு விற்பதென்று முடிவுசெய்து, அதற்குக் கடன் கேட்டுத் தெரிந்தவர்களுக்கெல்லாம் கடிதம் அனுப்பினார். மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும் விடச் சுலபமாகத் தன் புத்தகங்கள் விற்றுப்போகும் என்று அவர் மனமார நம்பினார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் இறந்தபோது திட்டம் காகிதத்தில்தான் இருந்தது. 'சந்திரிகையின் கதை' என்ற நாவலும் பாதியில் நின்றுபோயிருந்தது. கைக்காசு போட்டு நாவல் வெளியிடுகிறவர் யாராக இருந்தாலும் இதே கணக்கைத்தான் சின்ன அளவில் போடுகிறார். 4 லட்சத்துக்குப் பதில் 300 பிரதி, அவ்வளவுதான் வித்தியாசம். காகிதம், அச்சு, அட்டை, விளம்பரம், விற்பனை என்று எல்லாவற்றுக்கும் அந்தக் கணக்கில் இடம் உண்டு. ஓர் இனத்துக்கு மட்டும் எப்போதும் இடமிருப்பதில்லை. அது என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஒரு இளக்காரத்தைப் பற்றிப் பேசிவிட வேண்டும்.

'சொந்த வெளியீடா?' என்று நம்மிடையே கேட்கப்படும் தொனி தெரிந்ததுதான். வேறு யாரும் போட முன்வராததால் தானே போட்டுக்கொண்டார் என்பது அதன் பொருள். தமிழ் நாவலின் வரலாறு தெரிந்தவர்கள் இந்தத் தொனியில் கேட்க முடியாது. நாவலுக்கு முன்பே அச்சுப் புத்தகத்துக்கு முன்பணம் திரட்டும் வழக்கம் இங்கே இருந்தது. 1887ல் சீவக சிந்தாமணியை அச்சேற்ற உ.வே. சாமிநாதையர் கையொப்பம் சேர்க்க அலைந்த அலைச்சல்தான் இன்று முன்வெளியீட்டுத் திட்டம் என்ற பெயரில் நடக்கிறது. வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925ல் 'ஜகன்மோகினி' இதழைக் கையிலெடுத்து, தன் நாவல்களை அதிலேயே தொடராக எழுதிப் புத்தகமாகவும் கொண்டுவந்தார். 115 நாவல்கள் என்பது அவர் கணக்கு. எந்தப் பதிப்பாளர் வாசலிலும் அவர் நிற்கவில்லை. சந்தாதாரர்களே அவருக்குப் பதிப்பாளர்கள். அ. மாதவையா உப்பு இலாகா உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற பின் 'பஞ்சாமிர்தம்' என்று சொந்தமாக ஓர் இதழைத் தொடங்கி, அதை நடத்திக்கொண்டிருக்கும்போதே 1925ல் காலமானார். ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே' 1974ல் 'பித்தன் பட்டறை' வெளியீடாக வந்தது. அந்தப் பட்டறையின் பித்தன் அவரேதான். கந்தன் என்ற மனிதனின் ஒருநாள் வாழ்க்கையைச் சொல்லும் அந்த நாவல், மானம் மரியாதை பார்க்கிற பெரிய பதிப்பகம் எதன் பட்டியலிலும் அன்று இடம்பெற்றிருக்க முடியாது என்றே நினைக்கிறேன். ஆகவே சுயாதீனம் தமிழ் நாவலுக்குப் பின்வாசல் இல்லை. பல சமயம் வீட்டுக்கு இருந்த ஒரே வாசல் அதுதான்.

இளக்காரத்தை ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது புலம்பல். சொந்தமாகப் போடுகிறவர்கள் கூடினால் பேச்சு பணத்தில்தான் போய் நிற்கும். அந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். 320 பக்க நாவல், பதினாறு பக்கம் ஒரு பாரம் என்றால் 20 பாரம். விலை 400 ரூபாய், ஒரு பிரதி கைக்கு வந்துசேர 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 300 பிரதிக்கு 45,000. இதில் மதிப்புரைக்கு, நண்பர்களுக்கு, பரிசுப் போட்டிகளுக்கு என்று நாற்பது பிரதி போய்விடும். போட்டிக்காரர்கள் நாலைந்து பிரதி கேட்பார்கள், திருப்பித் தர மாட்டார்கள். மீதி 260. கடைக்கு 40 சதவீதக் கழிவு போக பிரதிக்கு 240 ரூபாய் வரும். போட்ட முதலை எடுக்க 188 பிரதி விற்க வேண்டும். எஞ்சிய 72ம் விற்றுவிட்டால் லாபம் 17,400. நாவலை எழுத மூன்று ஆண்டு ஆகியிருந்தால் மாதம் ஏறக்குறைய 483 ரூபாய். பதிப்பாளர் ஒருவர் போட்டு, 300 பிரதியும் விற்று, நேர்மையாக 10 சதவீதம் ராயல்டியும் கொடுத்திருந்தால் 12,000 வந்திருக்கும். ஆக, கட்டுகளைச் சுமந்ததற்கும், கடை கடையாக ஏறி இறங்கிப் பாக்கி கேட்டதற்கும், கட்டிலுக்கு அடியில் பழுப்புக் காகிதப் பொட்டலங்களை ராமபாணப் பூச்சியிடமிருந்து காத்ததற்கும் கூலி 5,400 ரூபாய். கடைகள் கணக்கு முடிக்க எடுத்துக்கொள்ளும் காலத்துக்கு வட்டி போட்டால் அதுவும் கரையும். இந்தத் தொகையைக் காட்டி ஒருவரைச் சுயாதீனத்துக்கு இழுக்கவும் முடியாது, அதிலிருந்து விரட்டவும் முடியாது. பணத்துக்காகத்தான் சொந்தமாகப் போடுகிறேன் என்கிறவருக்கு வகுத்தலில் ஏதோ பிழை.

விட்டுப்போன இனத்துக்கு வருகிறேன். கைப்பிரதியைக் கையில் வாங்கி, முழுவதும் படித்து, 'இது இன்னும் ஆகவில்லை' என்று சொல்ல ஒரு ஆள். சுயாதீன நாவலாசிரியருக்கு இல்லாமல் போகிற பெரிய சொத்து இதுதான் என்பது என் வாதம். பதிப்பாளர் இருந்தால் முதலில் வாங்க வேண்டியது அவருடைய சம்மதத்தை. அவர் இல்லாதபோது சம்மதம் கேட்பவரும் கொடுப்பவரும் ஒருவரே. சிறுகதை என்றால் சமாளித்துவிடலாம். பத்துப் பக்கத்தை முப்பது தடவை படிக்க ஆளால் முடியும். நாவலுடைய நீளமே எழுதுகிறவரின் கண்ணை மறைக்கிறது. மூன்றாம் அத்தியாயத்தில் அறுபது வயதில் அறிமுகமாகும் பெரியப்பா, பத்தாண்டு கழித்து நடக்கும் இருபத்தேழாம் அத்தியாயத்தில் அறுபத்து நாலு வயதில் சாகிறார். கிழக்கு பார்த்த வீட்டின் திண்ணையில் சாயங்கால வெயில் விழுகிறது. முருகேசன் நடுவில் இரண்டு பக்கத்துக்கு முருகையன் ஆகிறான். இவையெல்லாம் அற்பப் பிழைகள், மெய்ப்புப் பார்க்கிறவரே பிடித்துவிடுவார். பெரிய பிழைகள் வேறு வகை. ஓர் அத்தியாயம் அழகாக இருக்கும், ஆனால் நாவலுக்கு அது தேவைப்படாது. ஒரு பாத்திரம் தன் மனத்தில் உள்ளதைச் செய்துகாட்டிய பிறகு, அதையே ஒரு பக்கம் யோசிக்கவும் செய்யும். கடைசி இருபது பக்கம் நாவல் முடிந்த பிறகு எழுதப்பட்டிருக்கும். இவற்றை எழுதியவர் பார்க்கவே முடியாது. அவர் கண்ணுக்கு அந்தப் பக்கங்களில் தெரிவது தன் உழைப்பு.

உடனே ஒரு ஆட்சேபம் எழும், நியாயமானதும்கூட. தமிழில் எந்தப் பதிப்பாளர் எடிட் செய்கிறார்? கைப்பிரதி வந்தால் அப்படியே தட்டச்சுக்குப் போகிறது. ஒற்றுப்பிழை திருத்துவதற்கே இங்கே செம்மையாக்கம் என்று பெயர். 1974ல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கிய ராமகிருஷ்ணன் ஆசிரியரோடு வரிவரியாக உட்கார்ந்ததை இன்னும் ஒரு அதிசயமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதே மற்ற இடங்களின் நிலைமையைச் சொல்லிவிடும். இதை மறுக்க மாட்டேன். ஆனால் எடிட் செய்யாத பதிப்பாளரும், தெரிந்தோ தெரியாமலோ, ஒரு காரியம் செய்கிறார். காக்கவைக்கிறார். ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்கிறார், பக்கம் அதிகம் என்று முகம் சுளிக்கிறார், அடுத்த புத்தகக் காட்சிக்குத் தள்ளிப்போடுகிறார். அந்த ஆறு மாதத்தில் ஆசிரியர் தன் கைப்பிரதியை அந்நியராக ஒருமுறை படிக்கிறார். சொந்தமாகப் போடுகிறவருக்கு அந்த இடைவெளியும் இல்லை. டிசம்பர் முதல் வாரம் எழுதி முடித்த நாவல் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் ஏதோ ஒரு நண்பரின் அரங்கில் ஓர் ஓரமாக இருக்கும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு, அதன் பெயர் ப. சிங்காரம். மதுரையில் தினத்தந்தியில் வேலைபார்த்துக்கொண்டு அவர் எழுதிய 'புயலிலே ஒரு தோணி', பதிப்பாளர் அமையாமல் பல ஆண்டு கிடந்து 1972ல்தான் புத்தகமானது. முதல் நாவலான 'கடலுக்கு அப்பால்' கலைமகள் போட்டியில் பரிசு வாங்கியிருந்தும் இரண்டாவதற்கு இந்த கதி. அவர் மூன்றாவது நாவல் எழுதவில்லை, 1997ல் இறந்தார். மறுக்க ஓர் ஆள் வேண்டும் என்று சொல்கிறவன் இந்த மறுப்புக்கு என்ன பதில் சொல்லப்போகிறான்? யுத்தகால மெதானையும் பினாங்கையும் நாலைந்து பேச்சுமொழிகளோடு எழுப்பிக்காட்டிய ஒரு நாவலை நம் பதிப்புலகம் இத்தனை காலம் வெளியே நிற்கவைத்தது. இவர் கையில் ஒரு 'பித்தன் பட்டறை' இருந்திருந்தால் தமிழுக்கு ஒரு மூன்றாவது நாவல் கிடைத்திருக்கக்கூடும். இது என் வாதத்துக்கு எதிரான சாட்சிதான், மறைத்துப் பயனில்லை. ஆனால் அவருக்குக் கிடைத்தது படித்துவிட்டுச் சொன்ன மறுப்பா என்று கேட்க வேண்டும். படிக்காமல் கதவைச் சாத்துவது ஒன்று; படித்து, இன்ன இடத்தில் இன்ன குறை என்று சொல்லித் திருப்புவது வேறு. முதலாவதிலிருந்து தப்பிக்கத்தான் சுயாதீனம் பிறந்தது, அதில் அது வென்றும் இருக்கிறது. தப்பிக்கும் வேகத்தில் இரண்டாவதையும் சேர்த்துத் தெருவில் போட்டுவிட்டது என்பதுதான் என் குறை.

பாரதியிடமிருந்து கதையைத் தொடங்கினாலும் இந்த விவகாரத்தின் நடுநாயகம் சி.சு. செல்லப்பாதான். 1959 முதல் 1970 வரை 119 இதழ்கள் 'எழுத்து' நடத்தியவர். எழுத்து பிரசுரம் என்ற பெயரில் புத்தகம் போட்டு, பையில் அடைத்துத் தோளில் தூக்கிக் கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். சுயாதீனத்தை இதைவிடக் கடுமையாக அனுஷ்டித்த இன்னொருவரைக் காட்ட முடியாது. அவருடைய 'சுதந்திர தாகம்' மூன்று பாகம், ஏறக்குறைய 1,800 பக்கம். எண்பது வயதைத் தாண்டிய நிலையில் அதையும் தானேதான் வெளியிட்டார். 1998 டிசம்பரில் இறந்தார். 2001க்கான சாகித்திய அகாதெமி விருது அந்த நாவலுக்கு வந்தபோது வாங்க அவர் இல்லை. விருது வந்த பிறகாவது அது படிக்கப்பட்டதா? பெயர் சொல்லாதவர் இல்லை, மூன்று பாகத்தையும் படித்தவர் எத்தனை பேர் என்றால் தலை குனிய வேண்டியிருக்கிறது. வணிகப் பதிப்பாளர் எவரும் அந்த நீளத்துக்குச் சம்மதித்திருக்க மாட்டார் என்பதால், சுயாதீனம் இல்லையென்றால் அந்த நாவலே இல்லை. அவர் சொல்லை மீறி ஒரு பக்கத்தை எடுக்கச் சொல்ல ஒருவரும் இல்லாததால் அது அத்தனை பக்கமாகவே நின்றது. வாழவைத்ததும் வாசகர்களிடமிருந்து தூர நிறுத்தியதும் ஒரே காரணம். அவர் எடிட்டரை ஏற்றிருப்பாரா என்று கேட்டால், மாட்டார். பிடிவாதம் இல்லாத செல்லப்பாவால் 'எழுத்'தை 119 இதழ்வரை கொண்டுவந்திருக்கவும் முடியாது.

வாசகரே எடிட்டர், தொடராக எழுதினால் அவர் திருத்திவிடுவார் என்று ஒரு கட்சி சொல்லும். தொடர்கதையின் நூறாண்டு அனுபவம் வேறு மாதிரி சொல்கிறது. 'பொன்னியின் செல்வன்' 1950லிருந்து 1954வரை கல்கியின் சொந்த இதழிலேயே வந்து முடிந்தது. முடிந்த பின் வாசகர்கள் கேட்டது, இவர் என்ன ஆனார், அவர் என்ன ஆனார் என்று. கல்கி பின்னுரை எழுதி அதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வாசகருடைய கேள்வி எப்போதும் 'அப்புறம்?' என்பதுதான், 'இது எதற்கு?' என்று அவர் கேட்பதில்லை. நமக்குப் பிடித்துப்போன வீட்டில் இன்னும் ஒரு வாரம் தங்கத்தான் நமக்கும் ஆசை. அதைக் குற்றம் சொல்ல முடியாது, ஆனால் அதற்குப் பெயர் எடிட்டிங் இல்லை. ஜெயமோகனின் 'வெண்முரசு' 2014 ஜனவரி முதல் 2020 ஜூலைவரை நாள்தோறும் அவரது சொந்தத் தளத்தில் வெளிவந்து 26 நாவல்களாக முடிந்ததைச் சிலர் எதிர்ச்சான்றாகக் காட்டலாம். அதற்குப் பின்னால் கால்நூற்றாண்டு எழுதிச் சேர்த்த வாசகர் கூட்டம் இருந்தது. முதல் நாவல்காரரிடம் அதைக் காட்டி நீயும் செய் என்பது, பயிர்செய்கிறவரிடம் அறுவடையைக் காட்டி இப்படி நடு என்பதற்குச் சமம்.

இயந்திரம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டதே என்பார்கள். மாற்றியது உண்மை. தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் கட்டிலடிப் பொட்டலம் ஒழிந்தது. முப்பது பிரதி போட்டுக்கொண்டு, தீர்ந்தால் இன்னும் முப்பது. 2016 இறுதியில் கிண்டில் தமிழை ஏற்றுக்கொண்ட பிறகு அச்சே வேண்டாம் என்றானது. திருநெல்வேலியில் எழுதி முடித்ததை டொராண்டோவில் அன்றே ஒருவர் படிக்கலாம். பதிப்பாளருக்கும் கடைக்கும் இருந்த அதிகாரத்தில் பாதியை இது பிடுங்கியது, நல்லதுதான். ஆனால் இந்த வசதிகளின் கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும். கிண்டிலில் சந்தா வாசகர் படிக்கும்போது ஆசிரியருக்குப் பணம் பக்கக் கணக்கில் வருகிறது. எத்தனை பக்கம் புரட்டப்பட்டதோ அத்தனைக்கு. நம்மூர் நூலக ஆணையும் இதன் பங்காளிதான். பொது நூலகத் துறை புத்தகத்தை வாங்கிவந்தது பாரக் கணக்கில். இத்தனை பாரம் என்றால் இத்தனை ரூபாய். 320 பக்க நாவலில் 64 பக்கம் வேண்டாத சதை என்று ஓர் ஆசிரியர் தானே உணர்ந்து வெட்டினால் நாலு பாரம் போகிறது. அந்தக் கணக்கில் நூலக விலை குறையும், கிண்டிலிலும் வரவு குறையும். வெட்டினதற்குத் தண்டனை, நீட்டினதற்குச் சன்மானம். ஒருபக்கம் மறுக்க ஆளில்லை, இன்னொரு பக்கம் ஒவ்வொரு பக்கத்துக்கும் காசு. இந்த ஏற்பாட்டில் ஒல்லியான நாவல்கள் எழுதப்படுவதே ஆச்சரியம்.

பக்கத்து மாநிலத்தில் இதை வேறு விதமாக யோசித்தார்கள். 1945ல் கோட்டயத்தில் பன்னிரண்டு எழுத்தாளர்கள் சேர்ந்து, 120 ரூபாய் முதலில், சாகித்ய பிரவர்த்தக சககரண சங்கத்தைத் தொடங்கினார்கள். எம்.பி. பால் முதல் தலைவர். காரூர் நீலகண்டப் பிள்ளை அதைக் கட்டி வளர்த்தவர். 30 சதவீத ராயல்டி என்பது அன்று கேள்விப்படாத விஷயம். நமக்கு அதைப் பற்றி நினைவிருப்பது ராயல்டிதான், எனக்கு முக்கியமாகப் படுவது பன்னிரண்டு என்ற எண். அவர்களுடைய சுயாதீனம் பதிப்பாளரிடமிருந்து பெற்றது, சக எழுத்தாளரிடமிருந்து விலகியதில்லை. நம்முடையவர்கள் பதிப்பாளரோடு சேர்த்து மற்றவர்களையும் துறந்தார்கள். மாதவையா தனி, கோதைநாயகி தனி, நாகராஜன் தனி, செல்லப்பா மிகமிகத் தனி. கூடுவது என்றால் நமக்குத் தெரிந்தது வெளியீட்டு விழா. மண்டப வாடகை, பேனர், பொன்னாடை, வடை, டீ எல்லாவற்றுக்கும் பட்ஜெட்டில் இடம் இருக்கும். மேடையில் பேசுகிறவர்களில் பாதிப்பேர் அட்டையைப் பற்றியும் ஆசிரியரின் பணிவைப் பற்றியும் பேசுவார்கள். நண்பர்கள் படித்தால் புகழத்தானே செய்வார்கள் என்று கேட்கலாம். அச்சான பிறகு படித்தால் புகழத்தான் முடியும். கைப்பிரதியாகப் படித்தால் சண்டை போடலாம். அந்த மண்டப வாடகையைத் தெரிந்தவர் அல்லாத ஒருவரிடம் கொடுத்து, படித்துக் குறிப்பு எழுதித் தரச் சொன்னால் என்ன? காசு வாங்கியவர் எப்படி மறுப்பார் என்றால், வைத்தியர் மறுக்கிறாரே, காசையும் வாங்கிக்கொண்டு உப்பைக் குறை என்று சொல்கிறாரே.

செல்லப்பாவிடமே திரும்பிப் போகிறேன், ஏனென்றால் என் வாதத்துக்கு அவர் இன்னொரு சிக்கலும் கொடுக்கிறார். 'வாடிவாசல்' அவருடையதுதான், 1959ல் அவரே போட்டதுதான். ஒரே ஒரு ஜல்லிக்கட்டு, ஒரு பிற்பகல், பிச்சி, காரி என்ற காளை, ஒரு ஜமீன்தார். ஒரு மூச்சில் படித்து முடித்துவிடலாம். காலச்சுவடு மறுபதிப்புகளாகப் போட்டுக்கொண்டே இருக்கிறது, ஆங்கிலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டது, படிக்கத் தெரிந்த பதினாறு வயதுப் பையனுக்கும் அதைக் கொடுக்க முடிகிறது. அதற்கும் எடிட்டர் இல்லை. அப்படியானால் யார் மறுத்தார்கள்? சிறுகதையிலேயே புழங்கிப் பழகிய அவருடைய கைதான் மறுத்தது என்று தோன்றுகிறது. 'மணிக்கொடி' இதழின் காலத்திலிருந்து, வேண்டாத வரியை நண்பர்கள் முகத்துக்கு நேரே காட்டிக்கொடுத்த ஒரு சூழலில் பழகிய கை அது. நாற்பது ஆண்டு கழித்து 'சுதந்திர தாக'த்தை அவர் எழுதியபோது, அந்த நண்பர்களில் பெரும்பாலோர் உயிரோடு இல்லை.